வர முடியாது என்று சொன்ன பதினான்கு பேர்

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. காலை 5:50-க்கு எழுந்தேன். வெளியே நான்கு டிகிரி. இஞ்சி தட்டிப் போட்ட டீ, இரண்டு துண்டு ரொட்டி. 7:15-க்குப் பையைச் சரிபார்த்தேன்: நீலப் பேனா, சிவப்புப் பேனா, பச்சைப் பேனா, வருகைப் பதிவேடு, டைரி. 8:05-க்கு வீட்டைப் பூட்டினேன். டார்னெய்ட்டில் என் வீட்டிலிருந்து சமூக மையத்துக்குப் பதினோரு நிமிட நடை. மேக்பை பறவைகள் கூடு கட்டிக்கொண்டு ஆள் தலையைக் கொத்த இறங்கும் காலத்தில் பூங்காவைச் சுற்றிப் போக வேண்டும். அப்போது பதினாறு நிமிடம். அன்று பதினாறு. 8:21-க்கு வகுப்பறையைத் திறந்தேன். கோட்டைக் கழற்றி மாட்டினேன். ஹீட்டரைப் போட்டேன். பதினைந்து நாற்காலிகளை வரிசையாக்கினேன்.

இதெல்லாம் நினைவிலிருந்து எழுதுவதல்ல. டைரியில் இருக்கிறது. மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும், "உங்க அனுபவத்தை எழுதித் தாங்க" என்று கேட்டபோது, பாடம் நடத்தும் முறையைப் பற்றி ஏதோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்குப் பயிற்சிப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் எழுதப்போவது இரண்டு நாட்களில் நான் அடுத்தடுத்துச் செய்த இரண்டு தவறுகளைப் பற்றி. ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாக எழுதலாம்.

முதலில் நிலைமை. இந்த வேலையில் வசந்தம் நமக்கு எதிரி. ஜூலை முழுவதும் குளிருக்குப் பயந்து ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். நாற்றுப்பண்ணையில் வேலை, காய்கறித் தோட்டத்தில் வேலை, பெட்டி அடுக்கும் கொட்டகையில் வேலை. என் வகுப்பில் ஹிரோகோ என்று ஒரு ஜப்பானியப் பெண்மணி இருந்தார். மகள் வீட்டோடு இருக்க வந்தவர், அறுபத்தெட்டு வயது. "எங்கள் ஊரில் பள்ளி ஆண்டு தொடங்குவதே வசந்தத்தில்தான், வசந்தம் வந்தால் எல்லோரும் பள்ளிக்கூடம் வருவார்கள். இங்கே வசந்தம் வந்தால் எல்லோரும் போகிறார்கள்" என்று சொல்லிவிட்டு, அதற்கும் தானே காரணம் என்பதுபோல் மன்னிப்புக் கேட்டார்.

ஜூலையில் வகுப்புத் தவணை தொடங்கியபோது பத்தொன்பது பேர். அந்தச் செவ்வாயன்று பதினைந்து. மறுநாள் புதன்கிழமை, தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பதிவேட்டைப் பார்ப்பதாக இருந்தது. பன்னிரண்டு பேராவது "வருகை" என்று பதிவாகியிருக்க வேண்டும். குறைந்தால் காலை வகுப்பை மூடி, வேறொரு மையத்தின் பிற்பகல் வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். வகுப்பு முடிய நான்கு மணி.

நான்கு மணி என்பது பலருக்குச் சிரமம். ஃபரீதாவுக்கு முடியவே முடியாது. கல்முனைக்காரர், முப்பத்தாறு வயது, கார் ஓட்டத் தெரியாது. மூன்றேகாலுக்குப் பள்ளி வாசலில் நின்று இரண்டு பிள்ளைகளை அழைத்து வர வேண்டும். அவர் ஏன் ஆங்கிலம் படிக்க வந்தார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். பள்ளியில் மகளைப் பற்றி மகளின் ஆசிரியை சொல்வதை மகளேதான் தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாளாம். "மூணு வருஷமா நல்ல செய்தி மட்டும்தான் வருது டீச்சர். ஒரு பிள்ளை அவ்வளவு நல்ல பிள்ளையா இருக்க ஏலாது."

என் வகுப்பில் இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் நான் போட்டவை. ஒன்று, அறைக்குள் ஆங்கிலம் மட்டும். வாசலுக்கு வெளியே எந்த மொழியும். ஃபரீதா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அவசரமாகத் தமிழில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு சொல்வார். சட்டப்படி அதில் குற்றம் காண எனக்கு வழியில்லை.

இரண்டாவது சட்டம், ஒன்பது மணி வகுப்புக்கு 9:10-க்குள் வந்தால் நீல மையில் "வருகை", தாண்டி வந்தால் சிவப்பு மையில் "வரவில்லை". வந்தவர் உள்ளே உட்காரலாம், படிக்கலாம். பதிவேட்டில் அவர் வரவில்லை. ஜூலையில் ஒருநாள் கொட்டும் மழையில் குடை உடைந்து, ஷூ நனைந்து, நாலு நிமிடம் பிந்தி வந்த ஃபரீதாவுக்கும் சிவப்புதான். மூன்று மணி நேரம் என் கண்முன் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த பெண்ணை வரவில்லை என்று எழுதிவிட்டு, வாய்விட்டுப் படிக்கவும் சொன்னேன். அன்று இது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

செவ்வாயன்று பாடம்: வேலைக்கு வர முடியாவிட்டால் முதலாளிக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது. நம் மாணவர்கள் இதில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். நேரில் ஓரளவு பேசிவிடுவார்கள். முகம் தெரியாத தொலைபேசி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று பாடம் அபாரமாக நடந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பெருமை வரும்போதுதான் நாம் தேவையில்லாத ஒன்றைச் செய்வோம். பன்னிரண்டு மணிக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

"இன்று மாலை ஏழு மணிக்குள் ஒவ்வொருவரும் என் தொலைபேசிக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். நாளை வகுப்புக்கு வர முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் நிஜம்போல இருக்க வேண்டும்."

ஃபரீதா எழுந்து வாசலுக்குப் போய் ஒரு காலை வெளியே வைத்தார்.

"நான் நாளைக்கு வருவன் டீச்சர். வாற ஆள் வரமாட்டன் எண்டு செல்றது பொய் தானே?"

"இது பயிற்சி, ஃபரீதா."

"பொய்க்குப் பயிற்சி என்னத்துக்கு? அது எனக்குத் தமிழ்லயே நல்லா வரும்."

அவர் அனுப்பவில்லை. மீதிப் பதினான்கு பேரும் அனுப்பினார்கள். என் பணிக்காலத்தில் ஒருவரைத் தவிர எல்லோரிடமிருந்தும் வீட்டுப்பாடம் வந்தது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான். மாலை நான்கரையிலிருந்து ஏழு வரை சமையலறை மேசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பச்சைப் பேனாவால் மதிப்பெண் போட்டேன். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்குப் பல் வைத்தியர். ஒருவருக்குக் கார் ஓட்டும் பரீட்சை. ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று உறவினர்கள் காலமானார்கள். ஹிரோகோவிடமிருந்து மூன்று செய்திகள். முதலாவதில் முழங்கால் வலிப்பதால் வர முடியாது. இரண்டாவதில் முதல் செய்தி உண்மையல்ல, மன்னிக்கவும். மூன்றாவதில் 8:50-க்கு வந்துவிடுவேன், தயவுசெய்து நாற்காலியை எடுத்துவிட வேண்டாம்.

சிவபாலன் கடைசியாக அனுப்பினார். கிளிநொச்சிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. வெரிபீ பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை. இந்த நாட்டில் பதினோரு வருடம் இருந்தும் முதலாளியோடு ஒருமுறைகூடத் தொலைபேசியில் பேசியதில்லை. எல்லாம் மகள் பேசுவாள். அவர் அனுப்பிய செய்தியின் சாரம் இது: "வணக்கம் டீச்சர். நாளை நான் வர முடியாது. வசந்தம் வருகிறது, முதலாளி இனி தினமும் காலையிலேயே வரச் சொல்கிறார். குளிர்காலத்துக்கு நன்றி."

நான் எழுதிய குறிப்பு அப்படியே டைரியில் இருக்கிறது: "மிக இயல்பான உணர்ச்சி. முடிவு அருமை. 9/10."

மறுநாள் புதன், 8:35. ஆசிரியர்கள் டீ போடும் அறையில் பக்கத்து வகுப்பு ஆசிரியை இருந்தார். முப்பது வருட அனுபவம். எப்போதும் ஏதாவது பின்னிக்கொண்டே இருப்பார். நான் இந்த மையத்துக்கு வந்த நாளிலிருந்து அது அதே ஸ்வெட்டர்தான் என்று எனக்குச் சந்தேகம். முந்தின நாள் வீட்டுப்பாடத்தின் பெருமையை அவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"பதினான்கு பேர் இன்று வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள்."

"ஆமாம்."

"இன்றுதான் உன் பதிவேட்டைப் பார்க்க வருகிறார்கள்."

"ஆமாம்."

"அதில் எத்தனை பேர் சொன்னது நிஜம்?"

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். மூன்று நிறப் பேனா வைத்திருக்கிறேன், நிமிடக் கணக்கில் டைரி எழுதுகிறேன், ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. காரணம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன். நிஜமாகக் காய்ச்சல் வந்தவர் அனுப்பியது எது, எனக்காகக் காய்ச்சல் வரவழைத்தவர் அனுப்பியது எது என்று பிரிக்க வழியில்லை. சிவபாலனின் செய்தியை மட்டும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் முறையாக ஊசி நின்றது.

"இது வீட்டுப்பாடமில்லை. இந்த மனிதர் உன்னிடம் விடைபெற்றுக்கொள்கிறார். நீ ஒன்பது மதிப்பெண் போட்டிருக்கிறாய்." பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தாய்?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் கேட்பது பிழைகளைத்தான். வாக்கியம் சரியா, ஓசை சரியா என்று கேட்டுக் கேட்டு, சொன்னது என்ன என்பது காதில் விழாமல் போகும். பிழையில்லாமல் பேசிய மாணவரைத்தான் நாம் குறைவாகக் கேட்கிறோம்.

8:50-க்கு ஹிரோகோ வந்தார். 8:52-க்கு ஃபரீதா. வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று உறவினர்களை இழந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒன்பது மணிக்கு எட்டுப் பேர். 9:09-க்குப் பதினொன்று. அதன் பிறகு வாசலில் யாரும் இல்லை. காய்ச்சலும் பல் வைத்தியரும் கார் பரீட்சையும் நிஜம். 9:10-க்கு, வழக்கம்போல, சிவப்புப் பேனாவால் நான்கு பேரை வரவில்லை என்று எழுதினேன். கை பழகிவிட்டது.

9:15-க்கு அலுவலகப் பெண் வந்தார். இளவயது, மரியாதையானவர், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைகளை எண்ணினார். பதினொன்று. பதிவேட்டைப் பார்த்தார். பதினொன்று. வகுப்பில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு பேர் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன், எண்களை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஃபரீதா புத்தகத்தைத் திறக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

9:26-க்குக் கதவு திறந்தது. சிவபாலன். முழங்கால்வரை சேறு, தலையில் பண்ணைத் தொப்பி, கையில் நான்காய் மடித்த ஒரு தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் உள்ளே வராமல் வாசலுக்கு வெளியிலேயே நின்று, அதாவது சட்டப்படி, தமிழில் சொன்னார்.

"ரீச்சர், போன் எடுத்தனான்."

"யாருக்கு?"

"முதலாளிக்கு. விடிய ஆறு மணிக்கு. கிளாசை விட மனம் வரேல்லை. உங்களுக்குச் சொன்ன 'வர முடியாது' எண்டதையே அவருக்குச் சொல்லுவம் எண்டு தாளில எழுதி வச்சனான். இவருக்கு மட்டும் வயித்துவலி எண்டு மாத்தினனான். மெசின் எடுக்கும் எண்டு பாத்தா மனுசன் தானே எடுத்திட்டார்!"

"அப்புறம்?"

"என்ன வருத்தம் எண்டு கேட்டார். அந்தக் கேள்வி தாளில இல்லை. வயித்துவலி எண்டுதான் பாடமாக்கினனான் ரீச்சர், வாயில வந்தது 'எனக்கு இங்கிலீஷ் கிளாஸ்' எண்டு. மனுசன் சிரிச்சுப்போட்டு, எட்டரை மணி வரைக்கும் வேலை செய்துபோட்டுப் போ, புதனெண்டா இனி இப்பிடியே போ எண்டு சொல்லிட்டார்."

பதினோரு வருடம் பேசாத மனிதர். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அலுவலகப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார்: "இவரும் உங்கள் மாணவரா? அப்படியானால் பன்னிரண்டு. ஆனால் பதிவேட்டில் வரவில்லை என்று சிவப்பில் இருக்கிறதே. உங்கள் பதிவுதான் கணக்கு. நான் என்ன போடட்டும்?"

வாய் திறக்குமுன் ஃபரீதா எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய், சிவபாலனை இடம்விடச் சொல்லி, ஒரு காலை வெளியே வைத்தார்.

"டீச்சர், மழைக்குள்ள நான் நாலு நிமிஷம் பிந்தி வந்த நாள் எனக்குச் சிவப்பு."

நானும் போய் ஒரு காலை வெளியே வைத்தேன். வேறு வழியில்லை. அலுவலகப் பெண் இதையெல்லாம் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஆமா. போட்டேன்."

"இவர் பதினாறு நிமிஷம் பிந்தி. இவருக்கு நீலமா?"

"ஃபரீதா, நீலம் போடலன்னா வகுப்பு போயிடும். உங்களுக்குத்தான் முதல் நஷ்டம்."

"அது எனக்கு விளங்குது. அதுக்காக நான் வராம இருந்த ஆள் ஆகிடுவனா? நான் வந்தனான் டீச்சர். முழுக்க நனைஞ்சு வந்தனான்."

வகுப்பு போனால் தனக்கு இனி ஆங்கிலமே இல்லை என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் இதைக் கேட்கிறார். நான் அவருக்குப் பின்னால், என் மேசைமேல் திறந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்தேன். அலுவலகப் பெண் விரலை ஒரு கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல், "இந்தப் பத்தியை ஏன் எங்குமே நிரப்பவில்லை?" என்று கேட்டார்.

பெயருக்கு அடுத்த பத்தி. "வந்த நேரம்" என்று அச்சிட்டிருந்தது. எட்டு வருடங்களாக ஒவ்வொரு பதிவேட்டிலும் இருந்தது. 9:10 சட்டமும் சிவப்பு மையும் அலுவலகம் போட்டதல்ல. அலுவலகம் நேரத்தை எழுதச் சொல்லியிருந்தது. நான்தான் அதைவிட ஒழுங்காக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்.

"என் தப்பு," என்றேன், தமிழில், வாசலில் நின்றபடி. "நேரத்தை எழுதியிருக்கணும். எல்லாருக்கும்."

"அப்ப என்ட நேரத்தையும் எழுதுங்க."

"எழுதுறேன்."

"எப்பிடி எழுதுவீங்க? ஒரு மாசத்துக்கு மேல ஆகிட்டே."

"டைரியில இருக்கு. ஜூலை 24, 9:14."

ஃபரீதா வாயில் கையை வைத்தார். "அல்லாஹ்! எனக்குச் சிவப்பையும் போட்டுட்டு, வந்த நேரத்தையும் வீட்ட போய் எழுதி வெச்சீங்களா?"

"குடை உடைஞ்சதையும் எழுதியிருக்கேன்."

சிவபாலன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "ரீச்சர், இப்ப நான் உள்ள வரலாமோ, இல்லாட்டி போட்டு வாறதோ?"

உள்ளே போனோம். அவருடைய சிவப்பை ஒரு கோடால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, வந்த நேரத்தில் 9:26 என்று நீலத்தில் எழுதினேன். இந்தத் தவணையில் தாமதமாக வந்த எல்லோருக்கும் இதையே செய்து, திருத்திய பதிவேட்டின் நகலை மறுநாள் அனுப்புவதாக அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன். அவர் பன்னிரண்டு என்று தட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, கதவில் கால் வைப்பது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது என்று கேட்டார்.

சிவபாலனின் மதிப்பெண்ணையும் அன்று பத்தாகத் திருத்தினேன். அவர் மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இது முதலாளிக்குச் சொன்னதுக்கோ, உங்களுக்குச் சொன்னதுக்கோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்றேன். "உங்களுக்குச் சொன்னது அழிஞ்சு போச்சுதெண்டு வையுங்கோ. குளிர்காலம் இன்னும் முடியேல்லைத் தானே" என்றார்.

இதை எழுதும்போது உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று பன்னிரண்டாவது ஆள் தேவைப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பத்தியை நான் கண்டிருப்பேனா? கண்டிருக்க மாட்டேன். சிவபாலனுக்கும் சிவப்புப் போட்டு, இன்று ஒழுங்காக இருந்தேன் என்று டைரியிலும் எழுதியிருப்பேன். ஆகவே நான் நியாயமாக நடந்துகொண்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த நியாயத்தை ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு ஃபரீதா கேட்டு வாங்கினார் என்று திருத்திச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்குத் தொலைபேசிப் பயிற்சி கட்டாயம் கொடுங்கள். யாராவது பதிவேட்டைப் பார்க்க வரும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். நீங்களாகச் சட்டம் போடுவதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் தாளை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். எனக்கு எட்டு வருடம் ஆனது. நீங்கள் என்னைவிடச் சுறுசுறுப்பானவர்கள். ஐந்து வருடத்தில் பார்த்துவிடுவீர்கள்.

ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. பூங்காவைச் சுற்றிப் பதினாறு நிமிடம். 8:21-க்கு அறையைத் திறந்தேன். ஹீட்டரைப் போடவில்லை, நாற்காலிகளைத் தொடவில்லை. பதிவேட்டையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். அந்தத் தவணையில் மொத்தம் பதினேழு சிவப்பு, தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும். ஜூலை 24-லிருந்து தொடங்கினேன். ஃபரீதாவின் பெயருக்கு எதிரே இருந்த சிவப்பை அடித்துவிட்டு, "வந்த நேரம்" என்ற பத்தியில் நீலப் பேனாவால் 9:14 என்று எழுதினேன். பிறகுதான் கோட்டைக் கழற்றி மாட்டினேன்.